உள்தாழ்ப்பாள்

எங்கள் பல்கலைக்கழகத்தில் வகுப்பறைக் கதவுகளுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் கிடையாது. கட்டும்போது வைத்திருந்தார்கள், பிறகு கழற்றிவிட்டார்கள். ஒரு மதியம் இரண்டாம் மாடியில் ஒரு பையனும் பெண்ணும் கதவைச் சாத்திக்கொண்டு ஒரே டப்பாவிலிருந்து தயிர்சாதம் சாப்பிட்டதை எங்கள் டீன் பார்த்துவிட்டார். குற்றம் அவ்வளவுதான். ஒழுங்குக் கமிட்டி கூடியது. கமிட்டிக்கும் அவர்தான் தலைவர். மறுவாரமே ஒரு தச்சர் வந்து எல்லாக் கதவுகளிலும் உள்தாழ்ப்பாளைக் கழற்றிச் சாக்கில் போட்டுக்கொண்டு போனார். டீன் அவர் பின்னாலேயே ஒவ்வொரு அறையாக நடந்து மேற்பார்வை செய்தார். வெளிப்பக்கத் தாழ்ப்பாளை மட்டும் விட்டுவைத்தார்கள், ஏனென்றால் சாயங்காலம் அறைக்குள் இருக்கும் நாற்காலிகளைப் பத்திரப்படுத்த வேண்டும். உள்பக்கம் திருகாணி இருந்த ஓட்டைகள் மட்டும் அப்படியே இருந்தன.

நான் அங்கே பொருளாதாரம் நடத்துகிறேன். தினமும் மயிலாப்பூரிலிருந்து பஸ் பிடித்து அடையாறுக்கு வருகிறேன். வாசலில் இறங்கியதும் காவலர் என் கழுத்தைப் பார்ப்பார். மனிதர்களை அவர் முகத்தால் அறிவதில்லை, அடையாள அட்டையால்தான் அறிவார். அட்டை கழுத்தில் தொங்க வேண்டும். பையில் இருந்தால் செல்லாது, அபராதம். பெண்பிள்ளைகள் துப்பட்டாவை இரண்டு தோளிலும் பின் குத்தியிருக்க வேண்டும். இதெல்லாம் டீன் போட்ட சட்டம். அவர் கழுத்தில் மட்டும் நான் அட்டையைப் பார்த்ததே இல்லை. அவரை எல்லோருக்கும் தெரியுமாம், அதனால் தேவையில்லையாம்.

என் இரண்டாம் வருட வகுப்பில் ஊரூர் குப்பத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா மீன் விற்கிறவர். படிப்பில் கெட்டி, வாயில் அதைவிடக் கெட்டி. அவளைப் பஸ் ஸ்டாப்பில் பார்த்த ஒருவன், கிண்டிப் பக்கம் ஏதோ கம்பெனியில் வேலை செய்கிறவன், பின்னாலேயே சுற்ற ஆரம்பித்தான். அவனுக்கு இவளைப் பிடித்துவிட்டதாம். இவளுக்குப் பிடிக்கவில்லை என்பதை அவன் ஒரு விஷயமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு நம்பரைத் தடுத்தால் இன்னொரு நம்பரிலிருந்து வருவான்.

அவள் கமிட்டியிடம் புகார் கொடுத்தபோது துணைக்கு நானும் போனேன். டீன் முழுக்கப் படித்துவிட்டு, உன் நம்பர் அவனுக்கு எப்படிக் கிடைத்தது என்று கேட்டார். அடுத்தபடியாக, துப்பட்டாவில் ஒரு பக்கம் பின் இல்லையே என்றார். நம்பரை மாற்றிவிடு, பஸ் ஸ்டாப்பில் நின்று அரட்டை அடிக்காதே, நேராக வீட்டுக்குப் போ என்று புத்தி சொல்லி அனுப்பினார். படியிறங்கும்போது அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, பற்றிக்கொண்டு வந்தது.

அதற்குப் பிறகு சில வாரங்கள் கழித்து ஒரு காலை. பணவீக்கத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆசிரியர்களின் வாட்ஸாப் குழுவில் டீனிடமிருந்து செய்தி வந்தது. வளாகத்தில் ஒரு சிறு அசம்பாவிதம், அனைவரும் பாதுகாப்பாக இருக்கவும் என்று எழுதி, கீழே ஒரு கும்பிடு போட்டிருந்தார். என்ன அசம்பாவிதம், எங்கே, யாரால் என்று ஒரு வார்த்தை இல்லை. அதற்குள் என் சக ஆசிரியர்கள் நாலைந்து பேர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டியிருந்தார்கள். ஒருவர் ‘நன்றி சார்’ என்றே போட்டிருந்தார். ஆபத்து வந்தாலும் முதலில் நன்றி சொல்லிவிட வேண்டும் என்று பழகிப்போன கூட்டம்.

பிறகு ஒலிபெருக்கியில் அவரே பேசினார். காலையில் கடவுள் வாழ்த்துப் போடுகிற அதே ஒலிபெருக்கி. கையில் ஆயுதத்தோடு ஒருவன் வளாகத்துக்குள் நடமாடுகிறான், மாணவர்கள் பதற வேண்டாம், கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு வகுப்பிலேயே இருக்க வேண்டும் என்றார். சொல்லி முடித்ததும் வகுப்பு மொத்தமும் கதவைப் பார்த்தது. ஓட்டைகளைப் பார்த்தது. அப்புறம் என்னைப் பார்த்தது. தச்சரின் சாக்கோடு கூடவே நடந்த மனுஷன் இதை எந்த வாயால் சொன்னார் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

குப்பத்துப் பெண் எழுந்து என்னிடம் வந்து போனைக் காட்டினாள். புது நம்பரிலிருந்து செய்தி. எந்த பில்டிங், எந்த ரூம் என்று கேட்டிருந்தான்.

“அவன்தான் மேம். என்னத் தேடிதான் வந்துகினு கீறான். நா வெளிய போய்டறேன். இவங்கல்லாம் இன்னா பண்ணாங்க?”

போய் உட்கார் என்றேன். நான் அதட்டியதில் அவள் கண் கலங்கிவிட்டது. அவள்மேல் எனக்குக் கோபமே இல்லை. இந்தப் பெண்ணை இந்த அறையிலிருந்து உயிரோடு வெளியே கூட்டிப்போக வேண்டும், அதற்கு என்னிடம் தாழ்ப்பாள் இல்லாத ஒரு கதவுதான் இருக்கிறது. வேறெதுவும் அப்போது மனதில் ஓடவில்லை.

ஒரு பையன் பெஞ்சுகளைக் கதவுக்கு முட்டுக்கொடுக்கலாம் என்றான். எங்கள் கதவு வராந்தாப் பக்கம் திறப்பது. உள்ளே எவ்வளவு முட்டுக்கொடுத்தாலும் வெளியே இருப்பவன் இழுத்தால் திறந்துகொள்ளும். வெளித்தாழ்ப்பாளைப் போட வேண்டுமானால் யாராவது வெளியே போய் நிற்க வேண்டும், வருகிறவன் அதைத் திறக்காமல் இருக்க வேண்டும். ஆக, உள்ளிருந்து இழுத்துக் கட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. முதலில் அடையாள அட்டைக் கயிறுகளைக் கழற்றி முறுக்கிக் கட்டிப் பார்த்தோம். ஒரு இழுப்புக்கே கொக்கி தெறித்தது. அபராதம் போட்டு மாட்டவைத்த சாமானின் லட்சணம் அது. அப்போது குப்பத்துப் பெண்ணே தன் தோளிலிருந்த பின்களைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் துப்பட்டாவை உருவினாள். மற்றப் பெண்களும் உருவினார்கள். கதவின் கைப்பிடியில் கோத்து, இரும்பு பெஞ்சின் காலில் சுற்றி, அவள் ஒரு முடிச்சுப் போட்டாள். பையன்கள் அந்த பெஞ்சின்மேல் நெருக்கி உட்கார்ந்தார்கள். ஒழுங்குக் கமிட்டி கட்டாயப்படுத்திய துப்பட்டா ஒரு காரியத்துக்கு உதவியது அன்று ஒருநாள்தான்.

விளக்கையும் மின்விசிறியையும் அணைத்தோம். போன்களின் சத்தத்தை நிறுத்தச் சொன்னேன். மற்றவர்களை வராந்தா ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியாத மூலையில் தரையோடு தரையாக உட்காரவைத்தேன். ஒருத்தி போலீசுக்குப் போன் செய்து எந்தக் கட்டடம், எந்த மாடி, எத்தனாவது அறை என்று கிசுகிசுவென்று சரியாகச் சொன்னாள். எங்கள் காவலர் அறைக்கும் அடித்துப் பார்த்தோம், யாரும் எடுக்கவில்லை.

அவன் வந்தான். ஒவ்வொரு கதவாக இழுத்துத் திறந்து பார்த்துக்கொண்டே வரும் சத்தம் கேட்டது. எங்கள் கதவையும் இழுத்தான். அது வரவில்லை என்றதும் அவளுடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான்.

“நான்தான். கதவத் தொற. பேசணும், அவ்ளோதான்.”

நான்தான் என்கிறான். தெரிந்தவன், உரிமைப்பட்டவன், கூப்பிட்டால் திறக்க வேண்டியவன் என்ற தோரணை. மறுபடி பலமாக இழுத்தான். துப்பட்டா விறைத்தது, பெஞ்ச் உறுமிக்கொண்டு கொஞ்சம் நகர்ந்தது. கதவு இரண்டு விரல் அளவுக்குத் திறந்த இடுக்கில் அவன் கையில் இருந்ததைப் பார்த்தேன். இளநீர் சீவுகிற கத்தி. பேச வருகிறவன் கொண்டுவருகிற பொருள்தான்! அவள் என் புடவையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பயம்தான், மறைக்க ஒன்றுமில்லை. பயத்துக்கு மேலே ஒரு அருவருப்பும் இருந்தது. ஒரு பெண் வேண்டாம் என்று சொன்னதைத் தாங்க முடியாத இந்தப் பூஞ்சை மனசுக்காரன் கையிலா சாக வேண்டும் என்று அருவருப்பு.

முடிச்சு அவிழவில்லை. தூரத்தில் போலீஸ் வண்டியின் சைரன் கேட்டதும் ஓடிவிட்டான். பைக் நிறுத்துமிடத்தில் அவனைப் பிடித்தார்கள். அங்கே அழுதானாம். அதைச் சொன்ன எங்கள் வாசல் காவலர் முகத்தில் கொஞ்சம் இரக்கம்கூட இருந்தது. அவன் எப்படி உள்ளே வந்தான் என்று அவரிடமே கேட்டேன். கார்கள் வரும் வாசலில் வாடகைக் காரில், இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையோடு, மடியில் லேப்டாப் பையோடு வந்தானாம். கத்தி அந்தப் பைக்குள் இருந்திருக்கிறது. இவர் சல்யூட் அடித்திருக்கிறார். காரில் வருகிறவர்களிடம் அட்டை கேட்கும் வழக்கம் இல்லையாம்.

மறுநாள் கமிட்டி கூடியது, என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். போண்டா கொடுத்தார்கள். நிலைமையைச் சிறப்பாகக் கையாண்டதாக டீன் தனக்குத்தானே பாராட்டு வாசித்துக்கொண்டார். பாதுகாப்பு விழிப்புணர்வுக் கருத்தரங்கு ஒன்று நடத்துவது, சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்துவது என்று முடிவாயிற்று. தாழ்ப்பாளைத் திரும்ப வைக்க வேண்டும் என்று நான் எழுந்து சொன்னேன். டீன் பொறுமையாக என்னைப் பார்த்தார்.

“மேடம், தாழ்ப்பாள் வெச்சா உள்ள என்னென்ன நடக்கும்னு உங்களுக்குத் தெரியாதா?”

உள்ளே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும், நான் உள்ளேதான் இருந்தேன் என்றேன். அதைக் குறிப்பில் ஏற்றவில்லை. அடுத்த விஷயம் குப்பத்துப் பெண். அவளுடைய பாதுகாப்பை முன்னிட்டு இந்த செமஸ்டர் முழுக்க அவள் வீட்டிலேயே இருக்கலாம், வருகைப் பதிவு குறைந்தால் அடுத்த வருடம் பரீட்சை எழுதிக்கொள்ளலாம் என்றார். பாதுகாப்பு என்ற சொல்லை இவர்கள் வாயில் கேட்டால் எனக்குக் குமட்டுகிறது. அவளுடைய அம்மாவை அதற்காகவே வரவழைத்து வெளியே நிற்கவைத்திருந்தார்கள். விற்பனையைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தார் அந்த அம்மாள். உள்ளே கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னதும் உட்காராமலேயே பதில் சொன்னார்.

“கத்தி தூக்கினு வந்தவன் அவன். வூட்ல குந்த வேண்டியது எம்பொண்ணா? அவ நாளைக்கும் வருவா சார், நாளான்னிக்கும் வருவா. நீங்க கதவப் பாருங்க.”

அவள் என் வகுப்புக்கு வருவாள், அவளுக்கு நான் பொறுப்பு என்று எழுத்தில் கொடுத்தேன். பொறுப்பு தங்கள் தலையிலிருந்து இறங்கியதில் எல்லோருக்கும் மகா சந்தோஷம், உடனே சம்மதித்துவிட்டார்கள்.

அன்று வீட்டுக்குப் போகும் வழியில் மயிலாப்பூரில் ஒரு ஹார்ட்வேர் கடையில் ஏறித் தாழ்ப்பாள் கேட்டேன். பாத்ரூமுக்கா என்றார் கடைக்காரர். காலேஜுக்கு என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு நல்ல கனமான இரும்புத் தாழ்ப்பாளாக எடுத்துக் கொடுத்தார். மறுநாள் வகுப்பு தொடங்குமுன் குப்பத்துப் பெண் வீட்டிலிருந்து கொண்டுவந்த ஸ்க்ரூ டிரைவரால் அதைப் பொருத்தினாள். பழைய ஓட்டைகள் அச்சாகப் பொருந்தின. நான் கதவைப் பிடித்துக்கொண்டதோடு சரி. கடைசித் திருகாணியை இறுக்கியதும் தாழ்ப்பாளை ஒருமுறை போட்டாள், திறந்தாள், மறுபடி போட்டாள். பிறகு கதவுக்குப் பக்கத்து இடத்திலேயே போய் உட்கார்ந்துகொண்டாள்.

பாடம் பாதியில் இருக்கும்போது கதவை யாரோ இழுத்தார்கள். மறுபடி ஒரு இழுப்பு. அப்புறம் தட்டினார்கள், டீனின் குரல் கேட்டது.

“நான்தான். கதவைத் திறங்க.”

அவள் முகம் வெளுத்தது. அதே வார்த்தை, அதே தோரணை. எழுந்து தாழ்ப்பாளின்மேல் கையை வைத்தாள், ஆனால் திறக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சும்மா இருந்தேன்.

“நான்தான்னா யாரு?” என்று கேட்டாள். “ஐடி கார்ட ஜன்னலாண்ட காட்டுங்க.”

கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தோம். ஜன்னலில் எந்த அட்டையும் வரவில்லை. அவள் கையை எடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள், நான் விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடர்ந்தேன்.