இரண்டாம் கோர்ட்டின் சுவர்

தொண்ணூறுகளில் ரொறன்ரோ நகரின் நடுவிலிருந்த ஒரு ஸ்குவாஷ் கிளப்பில் ஏழு வருடம் துப்புரவு வேலை செய்தேன். நான் குடியிருந்த பார்க்டேலிலிருந்து விடியற்காலையில் ஓடும் முதல் ஸ்ட்ரீட்கார் ட்ராமில் போவேன். நாலு சுவருக்குள் இரண்டு பேர் ஒரு சின்னக் கறுப்புப் பந்தை மாறி மாறிச் சுவரில் அடிப்பதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்றுதான் முதலில் நினைத்தேன். அந்தப் பெண் வந்த பிறகுதான் நின்று பார்க்கத் தொடங்கினேன்.

கரீபியன் தீவொன்றிலிருந்து பதினெட்டு வயதில் வந்தவள். அங்கே ஜூனியர் சாம்பியன். சுற்றியுள்ள தீவுகளிலும் அவள் வயதில் அவளை வெல்ல ஆள் இருக்கவில்லை. இங்கே கிளப்பில் மற்றவர்களின் ராக்கெட்டுகளுக்கு நரம்பு கட்டிக்கொண்டு, மிச்ச நேரத்தில் தொழில்முறைப் போட்டிகளுக்குப் பயிற்சி எடுத்தாள். என்னை அன்ரி என்பாள். அவளுடைய ஊரிலும் அதுதான் வழக்கமாம். அவள் பேசியது ஆங்கிலம். இன்று நினைக்கும்போது எனக்கு அது எங்கள் தமிழாகவே கேட்கிறது.

அவளைத் தோற்கடித்தது இந்த ஊர்க் குளிர். ஸ்குவாஷ் பந்து சூடேறினால்தான் துள்ளும். வெக்கையான ஊரில், துள்ளுகிற பந்தை ஓடி ஓடி ஓங்கி அடித்து வளர்ந்தவள் அவள். இங்கே மாரிக் குளிரில் பந்து மூலைக்குப் போனால் செத்துக் கிடக்கும். ஆட்டத்துக்கு முன்னால் பந்தைக் கைக்கடியில் கமக்கட்டுக்குள் வைத்துச் சூடாக்கிக்கொண்டு திரிவாள்.

"என்ன பிள்ளை, அடைகாக்கிறியோ?" என்று பகிடி பண்ணுவேன். சிரிப்பாள். நாலு வருடமாக எல்லாப் போட்டியிலும் தகுதிச் சுற்றிலேயே தோற்றுக்கொண்டிருந்தாள்.

ஐந்தாம் வருடம் மாசியில் எங்கள் கிளப்பிலேயே ஒரு போட்டி வந்தது.

"உதிலையும் தகுதிச் சுற்றைத் தாண்டாட்டி, எங்கட ஊர் ஸ்குவாஷ் சங்கம் இனி என்னை எந்தப் போட்டிக்கும் அனுப்பாது அன்ரி. அவ்வளவுதான்" என்றாள்.

என் மூளை அப்போதுதான் வேலை செய்தது, செய்யாமலே இருந்திருக்கலாம். அவளுடைய ஆட்டம் இரண்டாம் கோர்ட்டில். பக்கத்தில் பெண்கள் குளியலறை. காலையில் எல்லா ஷவரிலும் சுடுநீரைத் திறந்துவிட்டு, இடைக்கதவையும் கோர்ட்டுக் கதவையும் ஒரு மணி நேரம் அகலத் திறந்து வைத்தேன். கோர்ட் சித்திரை மாதம் போல ஆனது. கோர்ட்டுக் கதவை மட்டும் மூடிவிட்டு, பெரிய காரியம் செய்தவளைப் போல ஒதுங்கி நின்றேன்.

முதல் கேமை அள்ளிக்கொண்டு போனாள். அவள் அப்படி ஆடி நான் பார்த்ததே இல்லை. இரண்டாவதில் சுவரில் பட்ட பந்து வழுக்கத் தொடங்கியது. நடுவர் மேல்மாடத்திலிருந்து இறங்கி வந்து சுவரைத் தடவிப் பார்த்தார். உள்ளங்கை நனைந்துவிட்டது. குளிர்ந்த சுவரில் நீராவி பட்டால் வியர்க்கும் என்பது, அந்தச் சுவர்களை இத்தனை வருடம் துடைத்த எனக்கு உறைக்கவில்லை. திறந்து கிடந்த இடைக்கதவையும் கண்டுபிடித்தார்கள். ஆட்டம் ஐந்தாம் கோர்ட்டுக்கு மாறியது. வெளிச்சுவரோடு ஒட்டிய அதுதான் கிளப்பிலேயே குளிர் கூடியது. எதிர்த்து ஆடியவள் பந்தை மெல்லத் தட்டித் தட்டி மூலையில் போட்டாள். அடுத்த மூன்று கேமும் அவளுக்குப் போயின.

தோற்றவர் உடனே போய்விட முடியாது. அடுத்த ஆட்டத்துக்குப் புள்ளி சொல்ல வேண்டும்; ஸ்குவாஷில் அது வழக்கம். துவாயைப் போர்த்துக்கொண்டு மேலே இருந்து, யாரோ இருவரின் புள்ளிகளைப் பிசகாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கீழே துடைப்பத்தோடு நின்றேன். சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். வேலை போய்விடும் என்ற பயம் கொஞ்சம். அவள் முகத்தைப் பார்க்கிற பயம் அதைவிடக் கூட.

பிறகு உடைமாற்றும் அறையில் என் பக்கத்தில் வந்து இருந்தாள்.

"ஆரோ வேணுமெண்டு கதவைத் திறந்து விட்டிருக்கினம் அன்ரி. நான் வெல்லுறது பிடிக்காத ஆரோ."

"ஓம் பிள்ளை," என்றேன். "இருக்கும்."

அடுத்த மாதம் ஊருக்குத் திரும்பினாள். இந்த நகரத்தில் தன்னை வெறுத்த ஒருவர் இருந்தார் என்று நம்பிக்கொண்டே போனாள்.