பாட்டிலைத் தொடாத பாப்பா

அந்தக் குடியிருப்பில் அவரை எல்லோரும் ஜிப்பு என்றுதான் கூப்பிடுவார்கள். பேன்ட், பை, ஜாக்கெட் எதிலாவது ஜிப் மக்கர் பண்ணினால் முதல் மாடிக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டால் போதும், அன்றைக்கே சரியாகிவிடும். ஜன்னலை ஒட்டித் தையல் மெஷின், அதன் பக்கத்தில் துணி வெட்டும் மேஜை, சுவரெல்லாம் கொக்கிகளில் தொங்கும் ஊரார் பேன்ட்டுகள். முன்னறை கடை. பின்னால் இருந்த ஒற்றை அறையும் சமையலறையும் வீடு. எத்தனையோ டாக்டர்களிடம் ஏறி இறங்கி, இனி இல்லை என்று இருவரும் மனதைத் தேற்றிக்கொண்ட பிறகு பிறந்த பெண் குழந்தை அந்த வீட்டில் இருந்தது.

மனைவி நகரப் பேருந்து ஓட்டுபவர். பிரசவ விடுமுறை முடியப்போகிறது என்றபோது குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்ற பேச்சே எழவில்லை.

"நான் வீட்டுலதானே இருக்கேன்? மெஷின் பக்கத்துலயே தொட்டிலப் போட்டுக்கிறேன். ஒரு கால் மெஷினுக்கு, ஒரு கால் தொட்டிலுக்கு" என்றார் ஜிப்பு.

"பால்?"

"நீ எடுத்து வெச்சுட்டுப் போ. பாட்டில்ல குடுத்தாப் போச்சு. இது என்ன பெரிய வித்தையா?"

வேலைக்குத் திரும்பிய முதல் நாள் காலையில் மனைவி தன் பாலைப் பிழிந்து பாட்டில்களில் ஊற்றி, குளிர்பதனப் பெட்டியில் அடுக்கிவிட்டு, வாசல் வரை போய், திரும்பி வந்து குழந்தையை முகர்ந்துவிட்டு, மறுபடி வாசல் வரை போனார். ஜிப்புதான் "போம்மா, வண்டி காத்திருக்காது" என்று விரட்டினார்.

பசி வந்ததும் குழந்தை சிணுங்கியது. அவர் பாட்டிலை வெந்நீர்க் கிண்ணத்தில் நிறுத்திச் சூடாக்கி, ஒரு சொட்டை மணிக்கட்டில் விட்டுப் பார்த்து, குழந்தையை மடியில் சாய்த்து நிப்பிளை உதட்டில் வைத்தார். குழந்தை உதட்டை இறுக மூடிக்கொண்டது. தலையை இந்தப் பக்கம் திருப்பியது, அந்தப் பக்கம் திருப்பியது. அப்புறம் முதுகை வில்லாக வளைத்து ஒரு கத்து கத்தியது பாருங்கள், கீழ்வீட்டு ஜன்னல் திறந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது.

அன்று முழுவதும் ஒரு வாய் பால் உள்ளே போகவில்லை. அழுது, களைத்து, தூங்கி, எழுந்து மறுபடி அழுதது. சாயங்காலம் மனைவி படியேறும் சத்தம் கேட்டதும் அவருக்கு உயிர் போய் உயிர் வந்தது. சீருடையைக்கூட மாற்றாமல் மனைவி குழந்தையை வாங்கிக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். குழந்தை மூச்சுவிடாமல் குடித்தது.

"எவ்வளவு குடிச்சா?"

"கொஞ்சம்" என்றார் ஜிப்பு. பாட்டில்கள் அத்தனையும் அப்படியே இருந்ததை மனைவி அடுத்த நிமிடமே பார்த்துவிட்டார். ஒவ்வொன்றாக எடுத்துத் தொட்டியில் கொட்டினார். திட்டியிருந்தால் தேவலை என்று இவருக்கு இருந்தது.

யோசனைக்குப் பஞ்சமில்லை. மூன்று பிள்ளைகளை வளர்த்த அக்கா தொலைபேசியில் பிடித்துக்கொண்டார். "டேய் தம்பி, நிப்பிள மாத்துடா. ஓட்டை சின்னதா இருக்கும்." மாற்றினார். "அவ போட்டுக் கழட்டின சட்டைய உன் தோள்ல போட்டுக்கோ. வாசனைக்கு மயங்கிடும்." போட்டுக்கொண்டார். குழந்தை சட்டையில் முகத்தைப் புதைத்து ஆவலாகத் தேடி, அங்கே அம்மா இல்லை என்று கண்டுபிடித்ததும் முன்னைவிடப் பலமாக அழுதது. உட்காராமல் நடந்துகொண்டே கொடு என்றார் அக்கா. நடந்தார். ஜன்னல் பக்கம் திருப்பி வைத்துக் கொடு என்றார். திருப்பினார். "பசிச்சா தானாக் குடிக்கும், விடுடா" என்று கடைசியில் ஒருநாள் அக்கா சலித்துக்கொண்டபோது, "அதுக்குப் பசிக்குதுக்கா. அது குடிக்கல. ரெண்டையும் நான்தானே பாக்குறேன்" என்றார் ஜிப்பு. அக்கா பேச்சை மாற்றினார்.

கடை படுத்துவிட்டது. ஒரு பேன்ட்டின் கால் மடிப்பைப் பிரித்து வைத்தால் தைக்க இரண்டு நாள் ஆனது. "என்ன ஜிப்பு, உங்களுக்கே ஜிப் மக்கர் பண்ணுதா?" என்று கேலி செய்தவர்கள், மெஷின் பக்கத்துத் தொட்டிலிலிருந்து வந்த அழுகையைக் கேட்டு, பையை வைத்துவிட்டு மெல்ல நழுவினார்கள்.

ஒருநாள் மதியம் அவருக்குப் பொறுக்கவில்லை. காலையிலிருந்து குழந்தை வாயைத் திறக்கவில்லை, அழவும் தெம்பில்லாமல் முனகிக்கொண்டிருந்தது. மனைவியின் பேருந்து அந்த நேரத்தில் தெரு முனை நிறுத்தத்துக்கு வரும், அங்கிருந்து கடைசி நிறுத்தம் போனால் ஓட்டுநருக்குக் கொஞ்சம் இடைவேளை உண்டு என்பது அவருக்குத் தெரியும். பாதி தைத்த ஜிப்பை மெஷின் ஊசியிலேயே விட்டுவிட்டு, குழந்தையை நெஞ்சோடு துணியில் கட்டிக்கொண்டு ஓடினார்.

பேருந்து வந்து கதவு திறந்தது. ஓட்டுநர் இருக்கையில் மனைவி. இவரைக் கண்டதும் முகம் வெளுத்தது. "என்னங்க? பாப்பாவுக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. பசி. கடைசி ஸ்டாப் வரைக்கும் வர்றோம், அங்க குடுத்துடு."

பின்னால் நின்றவர் முதுகில் இடித்தார். மனைவி வழக்கம்போல, "உள்ள போங்க, உள்ள போங்க" என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார். அந்தக் குரல் குழந்தையின் காதில் விழுந்தது. முனகல் நின்றது. தலை நிமிர்ந்தது. கண் இரண்டும் அகல விரிந்து தேடின. இவர் கூட்டத்தோடு உள்ளே தள்ளப்பட்டார். குரல் தூரப் போனது. அப்போது தொடங்கியது அழுகை. அதுவரை வீட்டில் கேட்ட எந்த அழுகையும் இதற்கு முன் நிற்காது. அம்மா இங்கேதான் இருக்கிறாள், ஆனால் தர மாட்டேன் என்கிறார்கள் என்று ஊரைக் கூட்டி முறையிடுவது போல இருந்தது.

பேருந்தே ஆலோசனைக் கூட்டமாகிவிட்டது.

"வயித்துல காத்து. தோள்ல போட்டுத் தட்டுங்க" என்றார் காய்கறிப் பை வைத்திருந்த ஒரு பெண்.

"ரொம்ப இறுக்கிக் கட்டியிருக்கீங்க சார்" என்றார் கண்ணாடி போட்ட ஒருவர்.

கல்லூரி மாணவி ஒருத்தி தன் கைபேசியில் ஏதோ பாட்டைப் போட்டு நீட்டினாள். குழந்தை அதைத் தட்டிவிட்டது.

"பச்சப் புள்ளய இப்படியா ஆம்பள தனியாத் தூக்கிட்டு வருவீங்க? அம்மா எங்க?" என்றார் பையோடு இருந்த பெண், கொஞ்சம் கோபமாகவே.

ஜிப்பு முன்பக்கம் கையைக் காட்டினார். "அதோ" என்றார். "வண்டி ஓட்டுறாங்க."

குழந்தை ஒன்றுதான் அழுதது. எல்லோரும் முன்பக்கம் பார்த்தார்கள். ஓட்டுநரின் முதுகு நிமிர்ந்து இருந்தது, திரும்பவில்லை. கண்ணாடியில் ஒரே ஒரு கணம் இரண்டு கண்கள் தெரிந்தன, உடனே சாலைக்குப் போய்விட்டன.

"வண்டியக் கொஞ்சம் ஓரமா நிறுத்தச் சொல்லுங்களேன்" என்றது ஒரு குரல்.

"எனக்கு வேலைக்கு நேரமாச்சுங்க" என்றது இன்னொன்று. அதைச் சொன்னவரே தலையைக் குனிந்துகொண்டார்.

ஒவ்வொரு நிறுத்தத்திலும் கதவு திறந்தது, மூடியது. ஒவ்வொரு சிக்னலும் இவருக்கு ஒரு யுகமாக இருந்தது. பால் கேட்கிற குழந்தை இங்கே, பால் கொடுக்கிறவள் பத்தடி தள்ளி அங்கே, நடுவில் வேலை. இவரால் செய்ய முடிந்ததெல்லாம் குழந்தையின் தலையைக் கம்பியில் இடிக்காமல் பார்த்துக்கொள்வதுதான்.

கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கியதும் மனைவி பின் இருக்கைக்கு ஓடி வந்தார். சீருடைச் சட்டையின் முன்பக்கம் நனைந்து அடர்நிறமாகியிருந்தது. குழந்தை அழுகையின் வேகத்தில் முதலில் பிடிக்கவே முடியாமல் தவித்து, அப்புறம் பிடித்துக்கொண்டது.

"இனிமே வண்டிக்குக் கொண்டுவராதீங்க" என்றார் மனைவி.

"வேற என்ன பண்றதுன்னு தெரியலம்மா."

"தெரியும். ஆனா வராதீங்க. அந்தப் பாலத்து வளைவுல என் கால் பிரேக்ல இருக்கா, எதுல இருக்குன்னே ஒரு நிமிஷம் எனக்குப் புரியல. உள்ள அவ்வளவு ஜனம்."

ஜிப்பு குழந்தையைக் கட்டிவந்த துணியை உதறி மடித்தார். மற்றவர்களிடம் திட்டு வாங்கியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பார். இது நியாயம். நியாயத்தோடு எப்படிச் சண்டை போடுவது?

அந்த வழியும் அடைபட்ட பிறகுதான் அது நடந்தது. குழந்தை அழ அழ, திறந்த வாய்க்குள் நிப்பிளைத் திணித்துப் பாட்டிலை அழுத்திவிட்டார். பால் தொண்டையில் போய் அடித்தது. குழந்தைக்குப் புரை ஏறியது. முகம் சிவந்து, ஒரு நொடி சத்தமே வரவில்லை. குப்புறக் கவிழ்த்து முதுகில் தட்டினார். இருமி, மூச்சை இழுத்து, வீலென்று கத்தியது. பயத்திலா கோபத்திலா தெரியாது, இவரும் கத்தினார். "குடிச்சாத்தான் என்னடீ உனக்கு?" தன் குரலைத் தானே கேட்டதும் சட்டென்று நிறுத்தினார். குழந்தையைத் தொட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்தார். கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்தார். கை இரண்டும் அவர் பேச்சைக் கேட்கவில்லை. உள்ளே குழந்தை அழுதது. இங்கே இவர் அழுதார். கொஞ்சம் ஆறியதும் எழுந்து உள்ளே போனார்.

மறுநாள் குழந்தைகள் மருத்துவ மையத்துக்குத் தூக்கிப்போனார். அங்கிருந்த நர்ஸ் நடுத்தர வயது, அவசரமில்லாத கைகள். குழந்தையை எடை போட்டு, நாக்கைப் பார்த்து, வாய்க்குள் விரல் விட்டுப் பார்த்தார். ஜிப்பு நடந்ததை ஒளிக்காமல் சொன்னார், கத்தியதையும் சேர்த்து. போலீஸைக் கூப்பிடுவார்களோ என்றுகூட ஒரு பயம்.

"படுக்க வெச்சுட்டு வெளிய வந்தீங்க இல்ல? அதுதான் சரி" என்றார் நர்ஸ். "கை நடுங்கும்போது குழந்தை கையில இருக்கக் கூடாது. தொட்டில்ல அழுதா அழட்டும். உலுக்கிடாதீங்க, அது போதும்."

"எடை?"

"குறையல. டயப்பர் நல்லா நனையுதா?"

"நனையுது. முக்காவாசி ராத்திரிதான்."

"அப்போ அம்மா வந்தப்புறம் பகல் கணக்கையும் சேத்துக் குடிச்சுக்குறா. சில குழந்தைங்க இப்படித்தான். இனிமே திணிக்காதீங்க. தலையத் திருப்பினா நிறுத்திடுங்க. நிமிந்து உக்கார வெச்சு, சின்னக் கப்பை உதட்டுல சாய்ச்சுப் பிடிங்க. ஊத்தாதீங்க, அவளே நக்கட்டும். நனையறது குறைஞ்சாலோ, துவண்டு போனாலோ உடனே கொண்டு வாங்க."

"அப்போ குடிச்சிடுவாளா?"

"கொஞ்சம் குடிக்கலாம். குடிக்காமலும் போகலாம்."

"இதுக்கு மருந்து ஒண்ணும் இல்லையா சிஸ்டர்?"

"இல்ல. நாள் போகணும்."

நாள் போகணும். எந்தக் கடையில் போய் அதை வாங்குவது என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தார்.

கப்பில் சில நாள் இரண்டு மடக்கு உள்ளே போகும், மீதி கழுத்து வழியாக இறங்கும். சில நாள் மொத்தமும் இறங்கும். மனைவி எடுத்துவைத்த பால் ஜிப்புவின் சட்டையில் புளித்து மணத்தது. மனைவிக்கோ வேலை முடிந்து வந்தால் இன்னொரு வேலை. குழந்தை விடியும் வரை விடாது. கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு அவர் காலையில் ஷூ நாடாவைக் கட்டும்போது, இந்தக் கண்களை நம்பித்தானே அத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று ஜிப்பு நினைப்பார். மனைவி பேருந்து டிப்போவில் குறைந்த நேர வேலை கேட்டார். பார்க்கலாம் என்றார்கள். பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

ஒரு விஷயம் மட்டும் அவர் கையால் ஆனது. மனைவியின் சீருடைச் சட்டைகளை எல்லாம் பிரித்து, மார்புப் பக்கம் உள்ளே மெத்தென்ற துணியை இரண்டு மடிப்பாக வைத்துத் தைத்துக் கொடுத்தார். வெளியே தையல் தெரியவே தெரியாது. போட்டுப் பார்த்த மனைவி கண்ணாடி முன் கொஞ்ச நேரம் நின்றார். "இது நல்லாருக்குங்க" என்றார். அந்த மாதங்களில் ஜிப்புவின் காதில் விழுந்த ஒரே நல்ல வார்த்தை அதுதான்.

கடைசிவரை குழந்தை பாட்டிலைத் தொடவில்லை. உட்காரப் பழகியதும் மசித்த உருளைக்கிழங்கைக் கொடுத்துப் பார்த்தார்கள். முதல் வாயைத் துப்பியது, இரண்டாவதை யோசித்தது, மூன்றாவதற்குக் கரண்டியைப் பிடித்து இழுத்தது. கொஞ்சம் கொஞ்சமாகப் பகல் அழுகை குறைந்தது. டிப்போவிலும் ஒருவழியாக வேலை நேரத்தைக் குறைத்துக் கொடுத்தார்கள், அதற்கான தேவை பாதி தீர்ந்த பிறகு. எந்த நாளில் எது சரியானது என்று கேட்டால் ஜிப்புவால் சொல்ல முடியாது. அவர் ஒன்றையும் சரி செய்யவில்லை. அவள் வளர்ந்தாள், அவ்வளவுதான்.

அவள் சுவரைப் பிடித்து நடக்கத் தொடங்கி, கீழே விழும் ஒவ்வொரு குண்டூசிக்கும் அவர் பதறிக்கொண்டிருந்த சமயத்தில், மேல்மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவன் ஒரு பையைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தான். இன்னொரு கையில் பிறந்து சில மாதமான ஆண் குழந்தை, முகமெல்லாம் சிவக்க அழுதுகொண்டிருந்தது.

"ஜிப் போச்சா?"

"ஜிப் நல்லாத்தான் இருக்குண்ணே" என்றான் அவன். கண்ணில் தூக்கமில்லை. "உங்க பாப்பாவும் பாட்டில் குடிக்கலன்னு கீழ சொன்னாங்க. என்ன பண்ணீங்க?"

ஜிப்பு கத்திரியைக் கீழே வைத்தார். டயப்பரைப் பார்க்கச் சொன்னார். கப்பைச் சொன்னார். திணிக்காதே என்றார். கை நடுங்கினால் படுக்க வைத்துவிட்டு வெளியே போ என்றார்.

"இதெல்லாம் பண்ணா குடிச்சிடுவானா?"

"தெரியலப்பா."

அவன் முகம் வாடிவிட்டது. அதைப் பார்க்க இவருக்குத் தாங்கவில்லை. கொடுக்க வேறு எதுவும் இல்லை. "குடு இப்படி" என்று குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். "நீ அந்த நாற்காலில கொஞ்சம் உக்காரு."

குழந்தை அவர் தோளிலும் அழுதது. அவர் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தார்.

சுவரில் சாய்ந்தபடி அதன் அப்பா தூங்கிப்போனான்.