கரி பஸ்ஸுக்கு ஓர் அதட்டல்

இன்று கனகம்மாசத்திரத்திலிருந்து திருத்தணிக்குக் கரி பஸ்ஸை நான்தான் ஓட்டி வந்தேன். ஆம், பதினைந்து வருஷம் மாட்டுவண்டி ஓட்டிய நானேதான்.

போன இரண்டு முறை நான் ஓட்டியபோதும் திருத்தணிக்கு முன்னாலுள்ள ஏற்றத்தில் இஞ்சின் நின்றுபோய், ஜனங்கள் இறங்கித் தள்ளினார்கள். பெட்ரோல் கிடைக்காத யுத்த காலம்; அடுப்புக்கரியை எரித்து வரும் புகையில்தான் பஸ் ஓடுகிறது. கரிப்புகைக்கு அவ்வளவுதான் தெம்பு. இன்றும் நின்றால் வேறு ஆளைப் போட்டுவிடுவதாக முதலாளி சொல்லிவிட்டார்.

எனக்கு ஓட்டக் கற்றுத்தரும் சாமுவேல் என்னைவிடப் பத்து வயது சின்னவன். "நான் வெறும் வண்டிக்காரன் தம்பி, என்னை விட்டுடு" என்று காலையில் அவனிடம் சொன்னேன்.

"மாட்டுக்கு எப்ப மூச்சு வாங்குதுன்னு காதாலயே கண்டுபுடிக்கிறவரு நீங்க. இஞ்சினயும் அப்டியே கேட்டுகினு வாங்கண்ணா" என்றான்.

ஏற்றம் வந்தது. இஞ்சினுக்கு மூச்சு இழுத்தது. அது திணறுவதற்குள் கியரை மாற்றினேன். கூடவே வாய் தானாக "ஹை, ஹை" என்று அதட்டிவிட்டது.

பஸ்ஸே சிரித்தது. ஆனால் யாரும் இறங்கித் தள்ளவில்லை.

மேலே ஏறியதும் பின்னாலிருந்து ஓர் அம்மாள், "டிரைவரே, மலையடியில கொஞ்சம் நிறுத்துங்க" என்றார். நான் சாமுவேலைப் பார்த்தேன்.

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "உங்களத்தாண்ணா கூப்புடறாங்க" என்றான்.

"ஆங், நிறுத்தறேம்மா" என்றேன்.

பஸ்ஸை அதட்டக் கூடாது என்று சட்டம் ஏதாவது இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நாளையும் நான்தான் ஓட்டுகிறேன்.