பாசி பாக்க லீவு கேட்ட கதை

துருவக் கடலிலை பனிக்கட்டிக்கு அடியிலை வளருற பாசியை ஆராயிறது என்ரை தொழில். அதுவும் கடல் ஒருநாளும் உறையாத யாழ்ப்பாணத்திலை இருந்துகொண்டு. "உதாலை ஆருக்கு என்ன பிரயோசனம்?" எண்ட கேள்வியாலை நொந்துபோன சக சீவன்களே, கிட்ட வாங்கோ. பன்னிரண்டு வருஷமாப் படத்திலையும் போத்தலிலையும் பாத்த பாசியை, அது வளருற இடத்திலையே பாக்க எனக்குத் தென் துருவக் கப்பல் ஒண்டிலை இடம் கிடைச்சது. படிப்பிக்கிற பல்கலைக்கழகத்திலை லீவு மட்டும்தான் வேணும்.

நாத்துமேடை

கொடிகாமம் சந்தையிலை மிளகாய்க் கன்று விக்கிற பரமேஸ்வரியக்கா, என்ன ஆராய்ச்சி எண்டு கேட்டா. கடல் உறைஞ்சு கூரை மாதிரிக் கிடக்கும், கட்டி மெல்லிசு எண்டால் வெளிச்சம் இறங்கி அடியிலை பாசி பிடிக்கும், மேலை பனி தடிப்பா விழுந்தால் வெளிச்சமும் இல்லை பாசியும் இல்லை எண்டன். நான் நாப்பது பக்கம் எழுதின விஷயம். அவ கன்றுக்குத் தண்ணி தெளிச்சபடி சொன்னா: "நாத்துமேடைக்கு மேலை தென்னோலைக் கிடுகை நெருக்கிப் போட்டால் நாத்து வெளிறும். உதுக்கேன் பிள்ளை துருவம், எங்கடை வளவுக்கு வாவன்."

ஐஸ்பெட்டி

ஒருநாள் ஆய்வுகூடத்துப் பிரிஜ்ஜுக்குக் கரண்ட் நிண்டிட்டுது. பாசிப் போத்தல்களைத் தூக்கிக்கொண்டு குருநகர் மீன் சந்தைக்கு ஓடினன். மீன் வியாபாரி அந்தோனி அண்ணை தன்ரை ஐஸ்பெட்டியிலை பாரை மீனுக்குப் பக்கத்திலை இடம் ஒதுக்கித் தந்தார். மூடினால் இருட்டிலை செத்துப்போகாதோ எண்டு அவருக்குக் கவலை. துருவத்திலை மாசக்கணக்கா இருட்டிலை கிடந்து பழகின சாமான், சூடுதான் ஆகாது எண்டன். கூனிறால் மாதிரிச் சின்ன உயிரெல்லாம் உதைத் திண்டுதான் வளரும், அதுகளை மீனும் திமிங்கிலமும் தின்னும் எண்டும் விளங்கப்படுத்தினன். அவர் போத்தலை உயர்த்திப் பாத்தார். "மீனுக்கு ஐஸ் போடுறனாங்கள் தங்கச்சி. மீன்ரை சாப்பாட்டுக்கு ஐஸ் போடுற ஆளை இண்டைக்குத்தான் பாக்கிறன்."

லீவுக் குழு

நாலு பேர், நாலு தேத்தண்ணி, ஒரு தட்டுப் பட்டீஸ். பனி உருகினால் வெளிச்சம் கூடும், பாசியும் கூடும், நல்லதுதானே எண்டு ஒருத்தர் கேட்டார். நேரம்தான் பிரச்சினை சேர் எண்டன். பனி முந்தி உருகினால் பாசி முந்திப் பொங்கும், அதைத் திங்கிற கூனிறால் குஞ்சுகள் அப்ப வந்திராது. விடியக் காய்ச்சின சோறு, பிள்ளை பள்ளிக்கூடத்தாலை வரேக்கை ஊசிப்போற மாதிரி. தலைவர் வாயைத் துடைச்சார். "அப்ப அவசரமில்லைத்தானே. ஐஸ் உருகி முடியட்டும், ஆறுதலாப் போங்கோ."

கடிதம்

லீவு கிடைச்சது. மூண்டு கையெழுத்து, ரெண்டு சீல், ஒரு குறையுமில்லை. கடிதம் என்ரை கையுக்கு வரேக்கை கப்பல் வெளிக்கிட்டு ஒன்பது நாள். அழுகை வந்தது, கந்தோருக்குள்ளை வேலை செய்யிற ஆக்கள் இருந்தபடியால் அடக்கினன். கடிதம் தந்த கிளாக்கர் சிவநாதன் நல்ல மனுசன், என்ரை முகத்தைப் பாத்து இரங்கிப்போனார். "கப்பலுக்கு ஒரு போன் கோல் எடுத்து, கொஞ்சம் நிக்கச் சொல்லுங்கோவன் மிஸ்."

சாப்பாடு ஒரு நேரத்திலையும் வாய் இன்னொரு நேரத்திலையும் வந்தால் என்ன நடக்கும் எண்டதை நான் கப்பலேறாமலே படிச்சு முடிச்சிட்டன்.