கட்டிய நேரம்

களக்காட்டுப் பக்கம் கோயில் கொடைக்கு நடந்த கபடிப் போட்டியில் கால் ஒடிந்த என் தம்பியை, திருநெல்வேலியில் நான் வேலை பார்க்கும் மருத்துவமனைக்கே வேனில் கொண்டுவந்தார்கள். நான் அறுவை அரங்கில் டெக்னீஷியன். வலது முழங்காலுக்குக் கீழே மூங்கில் பத்தை வைத்து இறுக்கிய துணிக்கட்டு. அந்த ஊர் எலும்பு வைத்தியர் போட்டதாம்.

"எப்ப கட்டினது?"

"இப்பத்தான்க்கா. கட்டின கையோட வேன்ல ஏத்திட்டோம்" என்றான் அணித்தலைவன். கூட வந்த மூவரும் ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள். அந்த ஒற்றுமையை நான் நம்பவில்லை.

போர்க்கள அறுவை சிகிச்சையின் வரலாறு பற்றிப் படித்ததில் ஒன்று எனக்கு மறக்கவேயில்லை. ரத்தம் நிற்க இறுக்கிக் கட்டினால், கட்டிய நேரத்தைச் சிப்பாயின் நெற்றியிலேயே எழுதிவிடுவார்களாம். அவன் மயங்கிவிடலாம், கட்டியவர் அடுத்த ஆளிடம் போய்விடலாம். ரத்த ஓட்டம் குறைந்த சதை சில மணி நேரம்தான் தாங்கும். தம்பியின் காலுக்கு எவ்வளவு மிச்சம்? அவன் நெற்றியில் வியர்வைதான் இருந்தது.

மனதுக்குள் வரிசைப்படுத்தினேன். ஒன்று, கால்விரல்கள் சில்லென்றிருந்தன. இரண்டு, கட்டைவிரலை லேசாக நிமிர்த்தியதற்கே அலறினான். மூன்று, கட்டின் மேல் பூசிய உளுந்து மாவும் முட்டை வெள்ளைக்கருவும் காய்ந்து வெடித்திருந்தன. வேனில் வந்த நேரத்துக்குள் அது அப்படிக் காயாது.

"ஏலே, மாவு காஞ்சு உதிருது. உள்ளதைச் சொல்லுங்க."

"வெயில் அப்படிக்கா."

"வேனுக்குள்ளயா வெயில் அடிக்கி?"

உண்மையைச் சொன்னது தம்பிதான்.

"காலைல பத்து மணி இருக்கும்க்கா. அரையிறுதியில அடி. நாந்தான் ஆஸ்பத்திரி வேண்டாம்னேன். ஃபைனலுக்குக் கட்டு தெரியாம பேண்டைப் போட்டுக்கிட்டு கோட்டோரமா உக்காந்துக்கிட்டேன். நான் எறங்குவேன்னு எதிர் டீம்காரனுவ பயப்படணும்லா?"

"பயந்தானுவளா?"

"தோத்துட்டோம்."

அப்போது மூன்று மணி. ஐந்து மணி நேரம். மருத்துவரிடம் பத்து மணி என்றே சொன்னேன். நோயாளிச் சீட்டிலும் எழுதினேன். அவர் கட்டை அறுத்தெறிந்துவிட்டு, உடனே அரங்குக்குக் கொண்டுபோய் தோலையும் சதையின் உறையையும் கீறி உள்ளே ஏறியிருந்த அழுத்தத்தை விடுவித்தார்.

மூன்றாம் நாள் நான் உள்ளே போனதுமே தம்பி, "பாதம் நல்லா அசையுதுக்கா" என்றான்.

போர்வையை விலக்கினேன். "பாதத்தை மேல தூக்கு, பாப்போம்."

பல்லைக் கடித்துக்கொண்டு கொஞ்சம் தூக்கினான்.

"இன்னொரு தடவை" என்றேன்.