புளி போட்டுத் தேய்த்த கிரில்

மூன்று வருடங்களுக்கு முன்பு, பங்குனி வெயில் தொடங்கியிருந்த நேரம். மரக்காணத்தை ஒட்டிய கடலோரக் குப்பம் எங்களுடையது. நான் தினமும் காலையில் கூடையோடு பஸ் ஏறித் திண்டிவனம் போய் மீன் விற்பவள். என் வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். போகிறவர் என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். அப்போது அவர் கடலுக்குப் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. வலை இழுக்கும்போது தோள்பட்டை பிசகி, எவ்வளவு வைத்தியம் பார்த்தும் பழைய பலம் வரவில்லை. இனி வலையைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஒரு மனிதர் வீட்டிலேயே இருந்துகொண்டு காணாமல் போக முடியும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. விடிவதற்கு முன்பே எழுந்து கரைக்குப் போவார். மற்றவர்களின் படகு தண்ணீரில் இறங்குவதைப் பார்ப்பார். திரும்பி வந்து சுவர்ப் பக்கம் முகத்தை வைத்துப் படுத்துக்கொள்வார். குழம்பு எப்படி என்று கேட்டால் "ம்" என்பார். அந்த ஒரு 'ம்' என்னைப் பாடாய்ப் படுத்தியது.

எனக்குக் கனவு காணும் வியாதி உண்டு. அதுவும் மீன் விற்று முடித்து, காலிக் கூடையைக் காலடியில் வைத்து, ஜன்னலோர சீட்டும் கிடைத்துவிட்டால் கேட்கவே வேண்டாம். பெருமுக்கல் மலை பின்னால் போகும். உப்பளங்கள் வெள்ளை வெள்ளையாக வரும். அது உப்பா, வானம் தரையில் விழுந்து கிடக்கிறதா என்று கண்ணை இடுக்கிக்கொண்டு பார்ப்பேன். அப்படி ஒரு நாள் போனில் ஒரு வீடியோ வந்தது. கறுப்பாக, மூடி போட்ட ஒரு கரி அடுப்பு. கிரில் என்றார்கள். மேலே ஒருவர் மீனைப் புரட்டிப் புரட்டிச் சுட்டுக்கொண்டிருந்தார். பஸ் குலுங்கக் குலுங்க அந்த ஆளின் முகம் மறைந்து, அங்கே என் வீட்டுக்காரர் நின்றார். புகைக்கு நடுவே சிரித்துக்கொண்டு நின்றார்.

சும்மா வந்த கனவல்ல. கடலிலிருந்து திரும்பியதும் கரையில் நெருப்புப் போட்டுக் கூட்டாளிகளுக்கு மீன் சுட்டுப் போடுவது எப்போதும் அவர்தான். அந்தக் கைப்பக்குவம் தோளில் இல்லை, விரலில் இருந்தது. அது எங்கேயும் போய்விடவில்லை.

மனசில் இருப்பது வாயில் வந்துவிடும் எனக்கு. திண்டிவனத்தில் என்னிடம் வாடிக்கையாக மீன் வாங்கும் ஒரு டீச்சரம்மாவிடம் உளறிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. வெளியூரில் வேலை பார்க்கும் மகன் வருகிறான், அடுத்த மாதம் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் சொந்தக்காரர்களுக்கெல்லாம் விருந்து, நாற்பது மீன் சுட்டுத் தர முடியுமா என்று கேட்டார். வீட்டில் வந்து சொன்னேன். என் வீட்டுக்காரர், "பாக்கலாம்" என்றார். எட்டு மாதத்தில் 'ம்' அல்லாத முதல் பதில். கூடவே, "கடையில போயி தட்டிப் பாத்து வாங்கு. போன்ல பாத்து வாங்காத" என்றும் சொன்னார்.

விழுப்புரத்தில் ஓட்டல் சாமான் விற்கும் கடை ஒன்று இருப்பதாக விசாரித்து அறிந்து போனேன். பரோட்டாக் கல், இட்லிக் கொப்பரை, டீ பாய்லர் என்று அடுக்கியிருந்த நடுவில், என் வயதே இருக்கும் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். அவர்தான் முதலாளி. மூலையில் நான் வீடியோவில் பார்த்த அதே கறுப்பு கிரில். கனவில் பார்த்த ஆளை ரோட்டில் பார்த்ததுபோல எனக்குப் படபடப்பாகிவிட்டது.

அவர் விலை சொல்லி நிறுத்திக்கொள்ளவில்லை. கடை வாசலில் கரியைப் போட்டு மூட்டியே காட்டினார். வீட்டுக்கு வாங்கி வைத்திருந்த கத்தரிக்காயில் ஒன்றை எடுத்துக் கம்பியின் மேல் வைத்தார். "மூடிய மூடினா நெருப்பு தூங்கும்க்கா. இந்தக் காத்து ஓட்டையைத் தொறந்தா எழுந்துக்கும். அத தூங்க வைக்கவும் தெரியணும், எழுப்பவும் தெரியணும்" என்றார். கையை நெருப்புக்கு மேலே காட்டி, எத்தனை எண்ணும்வரை பொறுக்க முடிகிறதோ அதை வைத்துச் சூட்டைக் கணக்குப் பண்ணச் சொல்லிக்கொடுத்தார். கத்தரிக்காய் வெந்ததும் தோலை உரித்து, உப்புத் தூவி, பாதியை எனக்குத் தந்தார். அவ்வளவு ருசியான கத்தரிக்காயை நான் தின்றதில்லை.

இதற்குப் பிறகு நான் செய்ததை எழுத இப்போதும் கை கூசுகிறது. அவர் தண்ணீர் எடுக்க உள்ளே போன நேரத்தில் கிரிலின் அடியில் ஒட்டியிருந்த சீட்டைப் போட்டோ எடுத்தேன். போனில் தேடினேன். அதே கம்பெனி, அதே மாடல், விலை குறைவு. அவர் வெளியே வந்து, "இன்னொண்ணு சொல்றேன் இருங்கக்கா, இதுதான் முக்கியம்" என்று தொடங்கினார். அதற்குமேல் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க எனக்குத் தைரியம் இல்லை. "பஸ்ஸுக்கு நேரமாச்சுக்கா, வூட்ல கேட்டுக்கினு வர்றேன்" என்று சொல்லிவிட்டு ஓட்டமும் நடையுமாக வந்துவிட்டேன். திண்டிவனம் வருவதற்குள் பஸ்ஸிலேயே ஆர்டரும் போட்டாயிற்று.

எங்கள் குப்பத்துக்குக் கூரியர் வராது. திண்டிவனம் போய் வாங்கி, பிள்ளையை வைத்திருப்பதுபோல மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். உப்பளம் வந்தபோது எனக்கு என் சாமர்த்தியத்தை நினைத்துப் பெருமைகூட வந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. புதுச் சாமான், அதுவும் தொழிலுக்கான சாமான். சாமிக்கு வைக்காமல் எப்படித் தொடுவது? பிரித்துப் பார்த்தால், மீன் வைக்கும் இரும்புக் கம்பித் தட்டு முழுக்கக் கன்னங்கரேல் என்று எண்ணெய்ப் பிசுக்கு. எத்தனை பேர் கை பட்டு வந்ததோ என்று நினைத்தேன். ஒரு உருண்டை புளியும் அடுப்புச் சாம்பலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். குத்துவிளக்கைத் தேய்ப்பதுபோலத் தேய்த்தேன். கறுப்பெல்லாம் போய், தட்டு சாம்பல் நிறத்தில் வெள்ளி மாதிரி ஆகும்வரை விடவில்லை. மஞ்சள் குங்குமம் வைத்து, பூ சுற்றி, கற்பூரம் காட்டினேன். என் வீட்டுக்காரர்கூட வந்து நின்று கும்பிட்டார்.

சனிக்கிழமை காலையில் மூடியைத் திறந்தால் தட்டு செம்மண் நிறத்தில் இருந்தது. ஒரே ராத்திரியில், கடல்காற்றில், முழுசாகத் துருப்பிடித்திருந்தது. கழுவித் துடைத்துச் சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன். சாயந்தரம் அக்கம்பக்கத்துச் சனமெல்லாம் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டது. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நெருப்பை மூட்டினார். சங்கரா மீன் இரண்டை மசாலா தடவி வைத்தார். புரட்டப் போனால் மீன் வரவில்லை. தோல் தட்டோடு ஒட்டிக்கொண்டது. இன்னும் கொஞ்சம் நெம்பியபோது சதை பிய்ந்து நெருப்பில் விழுந்தது. யாரோ ஒருத்தர் சிரித்தார். என் வீட்டுக்காரர் இடுக்கியைக் கீழே வைத்துவிட்டுக் கரைப் பக்கம் நடந்து போய்விட்டார்.

என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. ராத்திரி, "டுப்ளிகேட்டு கொடுத்துட்டானுங்க. வுட்டுடு. டீச்சரம்மாகிட்ட வர முடியலன்னு சொல்லிடு" என்றார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். போனது மீன் இல்லை, அந்த 'பாக்கலாம்'தான் என்று எனக்குப் புரிந்தது. விருந்துக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது.

திருப்பி அனுப்பலாம் என்றால், நெருப்பு பட்ட பொருளை எடுக்க மாட்டார்களாம். திங்கட்கிழமை தட்டை மட்டும் கோணியில் சுற்றிக்கொண்டு விழுப்புரத்துக்குப் பஸ் ஏறினேன். எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது? அதற்கும் வழி வைத்திருந்தேன். நாத்தனார் ஆன்லைனில் வாங்கினாள், அவளுக்காகக் கேட்க வந்தேன் என்று சொல்லலாம். வழியெல்லாம் அந்தப் பொய்க்குப் பொட்டு வைத்துப் பூ வைத்து அலங்காரம் பண்ணிக்கொண்டே போனேன்.

கடைக்காரப் பெண் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தலையசைத்து உட்காரச் சொன்னார். கை கழுவி வந்து கோணியைப் பிரித்தார். தட்டில் விரலை வைத்துத் தேய்த்து, சிவப்புப் பொடியைப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோய் மோந்தார்.

"புளியா?"

நான் தலையாட்டினேன்.

"அன்னிக்கு இருங்கன்னேனே. இதத்தான் சொல்ல வந்தேன். மேல இருக்கிறது அழுக்கு இல்ல, எண்ணெய் காய்ச்சிப் பழக்கின கறுப்பு. எங்க கைல வாங்குற பொம்பளைங்க எல்லாருமே மொத வெள்ளிக்கெழம புளி போட்டுத் தேச்சிடுறாங்க. அதனாலதான் அத கடைசியா சொல்லி, ரெண்டு வாட்டி சொல்லி அனுப்புவேன்."

குரலை உயர்த்தவில்லை. நாத்தனார் கதை என் தொண்டையிலேயே செத்துவிட்டது. என் கல்யாணத்திலிருந்து எத்தனை தோசைக்கல் வாங்கி, வெங்காயமும் எண்ணெயும் தேய்த்துப் பழக்கியிருப்பேன்! இதுவும் அதே இரும்பு. அட்டைப்பெட்டியில், தெர்மாகோலுக்கு நடுவே வந்ததால் என் மண்டையில் உறைக்கவில்லை. அழுகை வந்துவிட்டது. போட்டோ எடுத்தது, ஓடியது, வீட்டுக்காரரின் தோள், அந்த 'ம்' எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவர் சமாதானம் சொல்லவில்லை. "போட்டோ எடுத்தது தெரியும்க்கா. மாசத்துக்குப் பத்துப் பேரு எடுக்குறாங்க. பேஜாராத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, ஒரு செங்கல் துண்டை என் கையில் கொடுத்தார். "ஒக்காந்து தேயிங்க."

அந்த மதியம் எனக்கு இன்னும் கனவு மாதிரியே இருக்கிறது. செங்கல்லால் துருவை எடுத்தோம். நெருப்பில் காட்டி ஈரத்தை ஓட்டினோம். மல்லாட்டை எண்ணெயை, அதுதான் கடலை எண்ணெயை, வெங்காயத்தில் தொட்டுத் தேய்த்து, புகை விடும்வரை காய்ச்சினோம். ஆறவிட்டு மறுபடியும் அதே வேலை. வெயில் தகரக் கூரையிலிருந்து இறங்கி, தொங்கிக்கொண்டிருந்த கரண்டிகளில் மினுங்கி, மெல்லத் தரைக்கு வந்தது. தட்டு சிவப்பிலிருந்து பழுப்பாகி, பழுப்பிலிருந்து கறுக்கத் தொடங்கியது. வாசலில் திண்டிவனம் பஸ் ஒன்று போயிற்று, இன்னொன்றும் போயிற்று. நான் எழுந்திருக்கவில்லை.

நடுவில் அவர், "நல்ல மீனுன்னு எப்பிடிக்கா கண்டுபுடிக்கிறீங்க? என்ன எப்பவும் ஏமாத்திடுறாங்க" என்று கேட்டார். செவுள் நிறம், கண், விரலால் அமுக்கினால் சதை எழும்பும் விதம் என்று சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நின்றுவிட்டேன். சந்தையில் இதையெல்லாம் என் வாயிலிருந்து கறந்துகொண்டு, என் மீனையெல்லாம் தூக்கிப் பார்த்துவிட்டு, பைக்கில் விற்பவனிடம் போய் வாங்குகிறவர்களை நான் எவ்வளவு ஏசியிருப்பேன்! முதுகுக்குப் பின்னால் மண்ணை வாரித் தூற்றாத குறைதான்.

"இன்னா நிறுத்திட்டீங்க? முழுசா சொல்லுங்க" என்றார் அவர். முழுசாகச் சொன்னேன்.

புறப்படும்போது அவர் சொன்னார்: "ரெண்டு வாட்டி பண்ணியிருக்கோம். இன்னும் நாலு வாட்டி பண்ணணும். அத நீங்க செய்யாதீங்க. உங்க வூட்டுக்காரரு செய்யட்டும்." பஸ்ஸில் வரும்போதுதான் அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று விளங்கியது.

வீட்டுக்கு வந்து, நடந்ததை மறைக்காமல் சொல்லித் தட்டை என் வீட்டுக்காரர் முன்னால் வைத்தேன். அவர் விரலால் தடவிப் பார்த்தார். மறுநாள் சாயந்தரம் நான் கேட்காமலே நெருப்பை மூட்டினார். நான்கு சாயந்தரங்கள். கடல் ஓசையைக் கேட்டபடி குந்தி உட்கார்ந்து, எண்ணெய் தேய்ப்பதும் காய்ச்சுவதுமாக இருந்தார். மூன்றாவது நாள், "கரி எங்க வாங்கின? வேலிகாத்தான் கரி கெடைக்குமா பாரு" என்றார். சீமைக்கருவேலத்தைத்தான் சொன்னார், அந்தக் கரி நின்று எரியும். நான் அடுப்படிக்குள் போய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். நான்காவது நாள் தட்டு மழைக்கால இருட்டுப்போலக் கறுத்திருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை டீச்சரம்மா வீட்டு மொட்டை மாடியில் முதல் மீனை அவர் புரட்டியபோது நான் மூச்சு விடவில்லை. தோல் கிழியாமல், கோடு கோடாகப் பழுத்து, மீன் அலுங்காமல் மறுபக்கம் திரும்பியது. அவர் நிமிர்ந்து என்னைத் தேடினார். புகைக்கு நடுவே சிரித்தார். பஸ்ஸில் பார்த்த அதே சிரிப்பு.

இப்போது மரக்காணம் ரோட்டோரத்தில் சாயந்தரக் கடை போட்டிருக்கிறோம். இரண்டாவது கிரிலை விழுப்புரத்திலேயே வாங்கினோம். இன்றைக்கும் ஆன்லைனில் நான் எதையாவது வாங்கத்தான் செய்கிறேன், அது ஒன்றும் பாவம் இல்லை. ஆனால் யாராவது என்னிடம் "இன்னொண்ணு சொல்றேன் இருங்க" என்றால், கூடையைக் கீழே இறக்கி வைத்துவிட்டு நின்றுவிடுகிறேன். பஸ் போனால் அடுத்தது வரும், அன்றைக்கு நான் பாதியில் விட்டு ஓடிய அந்தப் பேச்சில்தான் என் வீட்டுக்காரரின் சிரிப்பு இருந்தது.