நோட்டீஸ் பார்க்கும் ஆண்டியப்பன்

முதலில் எழுத்தை மூடுவான். மழைக்குத் தலையில் போட்டிருக்கும் சாக்கை உருவி, சினிமாச் சுவரொட்டியின் அடிப்பாகத்தில் அகலமாகப் பிடித்துக்கொண்டு படத்தை மட்டும் பார்ப்பான். பிறகு சாக்கை மேலே தூக்கி முகங்களை மறைத்துவிட்டு எழுத்தைப் படிப்பான். "படம் ஒண்ணு சொல்லுது, எழுத்து ஒண்ணு சொல்லுது. ரெண்டும் ஒத்துப் போச்சுன்னா காசு குடுத்துப் போகலாம். ஒத்துப் போகலன்னா எவனோ நம்மள ஏய்க்கப் பாக்குறான்" என்பான்.

ஹட்டன் டவுன் டாக்கீஸ்காரர்கள் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கடைச்சந்தியில் ஒட்டிவிட்டுப் போகும் நோட்டீசுகளுக்கு ஆண்டியப்பன்தான் நீதவான். வேலை என்னவோ தேயிலைப் பெட்டிகளை லொறியில் ஏற்றுவது. ஆனால் சம்பள ஞாயிற்றுக்கிழமை லயத்து வரிசை வீட்டுச் சனம் படத்துக்குப் போவதா வேண்டாமா என்று சொல்வது அவன். மாதத்துக்கு ஒரு படம்தான் கட்டுப்படியாகும். அது வீணாய்ப் போனால் அடுத்த சம்பளம்வரை புலம்ப வேண்டும். அதனால் தராசில் கொழுந்து நிறுத்துவிட்டு வரும் பெண்கள் கூடையைக்கூட இறக்காமல், "அண்ணே, அழுவாச்சியா, சிரிப்பா?" என்று அவன் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

அவன் சட்டங்கள் விசித்திரமானவை. கதாநாயகன் முகம் பெரிதாக இருந்தால் கதை கிடையாது. "கதை இருந்தா மொகத்த ஏன் இம்மாம் பெருசாப் போடுறான்?" கதாநாயகி அவனைப் பார்க்காமல் நம்மைப் பார்த்தால் கடைசியில் செத்துப்போவாள். ஆச்சரியக்குறிகள் வரிசையாக நின்றால் பாட்டு மட்டும் தேறும். ஒருமுறை வேல் பிடித்த கையைக் கண்டு சண்டைப் படம் என்று சொல்லி, எல்லாரையும் பக்திப் படத்தில் உட்காரவைத்தான். யாராவது கோபித்தார்களா? இல்லையே! "சாமி கும்புட்டாப்ல ஆச்சுண்ணே" என்று சிரித்தார்கள். அவனும் கூடப் போவான். விளக்கு அணைந்ததும் குறட்டைதான். கேட்டால், "நோட்டீஸ்லயே பாத்தாச்சு" என்பான்.

எனக்கு வயிறு எரியும். நானும் அதே லயத்துக்காரன்தான். பத்திரிகைகளுக்குக் கதையும் கட்டுரையும் எழுதுகிறவன். என் எழுத்து அச்சில் வந்தால் ஒரு காக்கைக் குஞ்சும் திரும்பிப் பார்க்காது. இவன் சாக்கைத் தூக்கினால் திருவிழாக் கூட்டம். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். என் மனைவி நாகலெட்சுமியும் அந்தக் கூட்டத்தில் நின்று, "ஆண்டியப்பண்ணே சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்கிறாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை. நான் எதைச் சொன்னாலும் அவளிடமிருந்து வருவது ஒரு "ம்" மட்டும்தான்.

பங்குனியில் எங்கள் கைக்குழந்தை காய்ச்சலில் போய்விட்டது. அதன்பின் நாகலெட்சுமி ஹட்டன் பக்கமே போகவில்லை. பேச்சும் குறைந்துபோனது. ஆவணிச் சம்பளத்துக்கு ஒட்டிய நோட்டீசைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. தகப்பனும் தாயும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கீழே கொட்டை எழுத்தில், "குடும்பத்தோடு வாருங்கள்! கண்டு மகிழுங்கள்!" இவளைக் கூட்டிப்போய் என் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு தடவையாவது சிரிக்கவைத்துவிட வேண்டும், அதுவும் எவனுடைய தயவும் இல்லாமல், என்று நினைத்தேன். கேட்டேன். "போவோம்" என்று சொல்லியும் விட்டாள்.

அன்று மாலை கடைச்சந்தியில் ஆண்டியப்பன் எழுத்தை மூடினான். படத்தின் மூலையில் நகத்தளவுக்கு ஒரு தொட்டில் இருந்தது. அதன் கயிற்றில் யார் கையும் இல்லை. அங்கேயே வெகுநேரம் பார்த்தான். முகங்களை மூடி எழுத்தையும் படித்தான். திரும்பி, கூட்டத்தில் நின்ற நாகலெட்சுமியை ஒருதரம் பார்த்தான்.

"சண்டப் படம். யாரும் போக வேணாம்."

"என்னாண்ணே, ஒரு கத்தியக்கூடக் காணோமே?" என்றாள் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் காளியாயி.

"உள்ள வச்சிருக்கான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கண்ணு அவிஞ்சு போச்சாய்யா? குடும்பப் படம்னு கொட்டை எழுத்துல போட்டிருக்குல்ல!"

"எழுத்து அப்புடித்தான் சொல்லும். நீங்க எழுதுறவங்க, ஒங்களுக்குத் தெரியாததா?"

நாகலெட்சுமி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அண்ணே வேணாங்குறாருல்ல, விடுங்க." அவ்வளவுதான், வீட்டுக்கு நடந்துவிட்டாள்.

அவன் மானத்தை வாங்குவதற்காகவே ஞாயிற்றுக்கிழமை நான் மட்டும் போனேன். இடைவேளைக்கு முன்னாலேயே அந்தப் படத்துக் குழந்தை காய்ச்சலில் செத்துப்போனது. தாய் வெறுந்தொட்டிலை ஆட்டி ஆட்டித் தாலாட்டுப் பாடினாள். பெண்கள் பக்கம் ஒரே ஒப்பாரி. என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து தூறலில் தோட்டத்தை நோக்கி நடந்தேன்.

பொறாமை தீர்ந்ததா? எங்கே தீர்ந்தது, இன்னும் ஏறியது. என் பெண்டாட்டிக்கு எது தாங்காது என்று அந்தப் பாவி சுவரைப் பார்த்தே கண்டுகொண்டான். ஒரே பாயில் படுக்கிற எனக்குத் தெரியவில்லை.

கடைச்சந்தியில் விளக்கு ஏற்றியிருந்தார்கள். மண்ணெண்ணெய் வாங்க வந்திருந்த நாகலெட்சுமி, எல்லார் முன்னாலும் கேட்டாள்: "என்னாங்க, படம் எப்புடி?"

கடைப் பலகையில் ஆண்டியப்பன் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தான். கை நின்றது.

"சண்டப் படந்தான்" என்றேன். "ஒரே வெட்டுக் குத்து. நல்லவேள நீ வரல."

"அண்ணே சொன்னா தப்புமா!" என்று காளியாயி கையைத் தட்டினாள். நாகலெட்சுமியும் அவனைத்தான் பெருமையாகப் பார்த்தாள்.

ஆண்டியப்பன் பலகையில் கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டான்.